உன் தம்பியின் சிப்பித் தொப்பி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், ஆனால் சொல்லும்போதே இருமுகிறாய், அதனால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, உடம்பு எப்படி இருக்கிறது என்று தனியாக எழுது. "மூன்று பேரும்" என்பதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன், கவனித்தாயா? இந்தக் கடிதத்தில் பாதி வழி வந்ததும் உனக்கு நெஞ்சு படபடக்கும். அப்போது மேலே போய் அந்தக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ அடுத்த வாக்கியத்துக்குப் பயந்துவிடுகிறாய். போன வாரமும் அப்படித்தான், "என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு, அவன் விழுந்துட்டானா, நான் வேலைய விட்டுட்டு அங்கயே வந்துடறேன்" என்று நீயே கேட்டு நீயே முடிவெடுத்துவிட்டாய். நானும் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். பதில் கடைசியில் வருகிறது, நடந்ததைச் சொல்லாமல் பதிலை மட்டும் சொன்னால் நீ ஒத்துக்கொள்ளமாட்டாய்.

முதலில் சின்னச் செய்திகள். அப்பா தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறார். போட்டுப் பார்க்க முகம் தெரிந்தால் போதாதா என்று கேட்டேன். போட்டுக்கொண்டு நிற்கிற மனுஷன் முழுசாகத் தெரியணும் என்கிறார், சரி, அவர் கடை. மாடிவீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி வயலின் கத்துக்கிறார். அவர் கத்துக்கிறாரோ இல்லையோ, வயலின் நன்றாகக் கத்துகிறது. எனக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அப்பா அளவு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே தினமும் போட்டுக்கொள்கிறார். நூறு பேருக்குச் சமைத்துப் போடுகிற ஹோட்டல் அடுக்களையில் நின்றுகொண்டு நீ மட்டும் காய்ந்த ரொட்டியைக் கடித்துவிட்டு ஓடுகிறாய் என்று உன் தோழி சொன்னாள். அவள்மேல் கோபப்படாதே, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். உட்கார்ந்து சாப்பிடு. தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிடு.

இனி உன் தம்பி. நீ கிளம்பிப் போன சமயத்தில் அவன் எப்படி இருந்தான் என்பது உனக்கு நினைவிருக்கும். வலிப்பு வருவதற்கு முன்னால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் அறிகுறி தெரியுமாம், இவனுக்கு அதுவும் கிடையாது. பேசிக்கொண்டு நிற்கும்போதே வெட்டிய மரம் மாதிரி விழுவான். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தக் கனத்த ஹெல்மெட்டை அவன் என்ன பாடுபடுத்தினான் என்று உனக்குப் பாதிதான் தெரியும். சோபாவுக்கு அடியில் ஒளித்தான், துணி துவைக்கும் மிஷினுக்குள் போட்டான், ஒருநாள் பிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அதைப் போட்டால் குத்துச்சண்டைக்காரன் மாதிரி இருக்கும், அதுவும் தோற்றுப்போன குத்துச்சண்டைக்காரன். நான் திட்டுவேன், அப்பா கெஞ்சுவார், கடைசியில் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போவதைவிட வெளியே போகாமலே இருந்துவிடலாம் என்று அவன் முடிவு செய்துவிட்டான். பால்கனித் தொட்டிச் செடிகளோடு காலம் போயிற்று. இருபத்திச்சொச்சம் வயசுப் பிள்ளை, பகல் முழுக்கத் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படி இருக்கும்? ஒருநாள் மனசு பொறுக்காமல் ஏண்டா இப்படி அடம்பிடிக்கிறாய் என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "அதப் போட்டா எல்லாரும் என் தலையத்தான் பாக்கறாங்கம்மா, என்னப் பாக்கறதில்ல" என்றான். அதற்குப் பிறகு நான் அவனை வற்புறுத்தவில்லை. ஆனால் கம்பெனியில் போய் உட்கார்ந்தால் வேலை ஓடாது. சுரங்கத்தில் வேலை செய்கிறவன் தலைக்கும், கட்டடத்தில் ஏறுகிறவன் தலைக்கும், மோட்டார் சைக்கிளில் பறக்கிறவன் தலைக்கும் நான் டிசைன் பிரிவில் உட்கார்ந்து கவசம் வரைகிறேன். என் வீட்டில் இருக்கிற ஒரு தலைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் எங்கள் மேனேஜர் ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண்ணைப் பேச அழைத்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், மீட்டிங் ரூமில் ஏசி, பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். என்னைவிட ரொம்பச் சின்னவள் அந்தப் பெண், துணிப்பை நிறையச் சிப்பியும் சங்கும் நத்தை ஓடுமாகக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினாள். அந்தச் சத்தத்தில் தூங்கினவர்கள் எழுந்துவிட்டார்கள். எங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சுண்ணாம்புக் கட்டியையும் ஒரு முத்துச்சிப்பி ஓட்டையும் கொடுத்து, இரண்டையும் உடைக்கச் சொன்னாள். சுண்ணாம்பு விரலிலேயே பொடிந்தது. சிப்பியை நான் மேஜை விளிம்பில் தட்டினேன், செருப்புக் காலால் மிதித்தேன், ம்ஹூம். "ரெண்டும் ஏறக்குறைய ஒரே பொருள்தாங்க, அடுக்கி வச்ச விதம்தான் வேற" என்றாள். சிப்பியின் உள்பக்கம் பளபளக்குமே, அதைப் பெரிதாக்கிப் படம் காட்டினாள். செங்கல் சுவர்! சின்னச் சின்னச் சுண்ணாம்புத் தகடுகள், ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேரே வராதபடி மாற்றி மாற்றி வைத்தது, நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பசை. சிப்பிக்குள் இருக்கிற அந்தப் பூச்சிக்குக் கையும் கிடையாது, கரண்டியும் கிடையாது, வாயில்லாத ஒரு கொத்தனார் என்று நினைத்துக்கொண்டேன். விரிசல் ஒன்று உள்ளே நுழைந்தால் நேராகப் போக வழியில்லை, ஒவ்வொரு தகட்டையும் சுற்றிச் சுற்றிப் போய் அலுத்து நின்றுவிடுமாம். கூட்டம் கலைந்ததும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். இதே அடுக்கில் மெல்லிசாக, சாதாரணத் தொப்பி கனத்தில், தலைக்கு ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டேன். எந்த வேலைக்கு, சுரங்கத்துக்கா என்றாள். "இல்லம்மா, என் பையனுக்கு" என்றேன். அவள் பையை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து நம் வீட்டில் அவளுக்குச் சிப்பி மேடம் என்று பேர்.

மேனேஜர் முதலில் மாட்டேன் என்றார். அவரைக் குற்றம் சொல்லமுடியாது. வலிப்புக்காரர்களுக்கென்று கவசம் செய்து அது சரியில்லாமல் போய் ஒருவர் தலையில் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நான் பதில் சொல்கிறேன், போட்டுக்கொள்ளப் போகிறவன் என் பிள்ளை என்றேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, சனிக்கிழமைகளில் டெஸ்ட் ரூமைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஒவ்வொரு சோதனையும் மற்ற ஹெல்மெட்டுகளுக்குச் செய்வது போலவே நடக்கணும், குறுக்குவழி கூடாது என்றார். டெஸ்ட் ரூமில் ஒரு அக்கா இருக்கிறாள், நாள் முழுக்கக் கனமான இரும்பை ஹெல்மெட் மேல் போட்டு உடைப்பதுதான் அவள் வேலை, சம்மட்டி என்று பேர் வைத்திருக்கிறோம், அவளுக்கும் அது தெரியும், அதில் பெருமைதான். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்தோம். நகத்தளவில் நகம் கனத்தில் பீங்கான் மாதிரியான தகடுகள், சிப்பியில் இருப்பதுபோலவே மாற்றி மாற்றி அடுக்கி, பல வரிசை. கம்பெனியிலேயே இருப்பதில் கெட்டியான பசையாகப் பார்த்துப் போட்டேன், என் பிள்ளை தலைக்கல்லவா, இறுகப் பிடிக்கட்டும் என்று. முதல் தொப்பி தயாரானபோது அழகாக இருந்தது, தட்டினால் கிண்ணென்றது. அலுமினியத்தில் செய்த பொம்மைத் தலை ஒன்று உண்டு, அதற்குள் அதிர்ச்சியை அளக்கும் கருவி இருக்கும். அதற்குத் தொப்பியை மாட்டி உயரத்திலிருந்து கீழே இரும்பின் மேல் விடவேண்டும். எத்தனையோ வருஷமாக நான் பார்க்கிற வேலை, ஒருநாளும் இமைத்ததில்லை. அன்றைக்குச் சம்மட்டி பட்டனைத் தொட்டதும் என் கண் தானாக இறுக மூடிக்கொண்டது. சத்தம் கேட்டது. "கண்ணத் தொறங்க மேடம், அது வெறும் அலுமினியம்" என்றாள் அவள். திறந்தால் தொப்பி பீங்கான் தட்டு உடைந்ததுபோல இரண்டாகக் கிடந்தது. உள்ளே கருவி காட்டிய எண்ணை நான் உனக்கு எழுதப்போவதில்லை.

அடுத்த சனிக்கிழமை சிப்பி மேடம் உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, பசைதான் தப்பு என்றாள். நான் போட்ட பசை அவ்வளவு கெட்டி, எல்லாத் தகட்டையும் சேர்த்து ஒரே கல்லாக ஆக்கிவிட்டது, ஒரே கல் என்றால் ஒரே விரிசலில் முடிந்துவிடும். "சிப்பியில இருக்கற பசை வீக்குங்க மேடம். அடி விழுந்தா தகடு கொஞ்சம் நகரும், பசை இழுபடும், அப்புறம்தான் விடும். விரிசலே வரக்கூடாதுன்னு சிப்பி நெனக்கறதில்ல, வந்தா நேரா போக விடறதில்ல, அவ்ளோதான்" என்றாள். பசை விட்டுக்கொடுக்கவேண்டுமாம் என்று வீட்டில் வந்து சொன்னேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இதத்தான் கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்றேன், யாரு கேக்கறா" என்றார். உன் தம்பி சிரித்த சிரிப்பில் மாடிவீட்டு வயலின் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் பசை தேடின கதையைச் சொன்னால் உனக்கு அலுத்துவிடும். ஒன்று குளிரில் இறுகியது, ஒன்று வெயிலில் உருகியது, ஒன்றின் நாற்றம் தாங்காமல் சம்மட்டியே வெளியே ஓடினாள். கடைசியில் ரப்பர் மாதிரி இழுபடுகிற ஒன்று அமைந்தது. தகடுகளின் மேல்பரப்பையும் வழவழப்பாக விடாமல் கொஞ்சம் மேடுபள்ளமாக்கினோம், நகரும்போது ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும்படி. சிப்பியிலும் அப்படித்தான் இருக்கிறது, முதலிலேயே அதைக் கவனிக்காமல் விட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்தத் தொப்பி பொம்மைத் தலையோடு விழுந்தபோது கிண்ணென்று கேட்கவில்லை, தலையணை விழுவதுபோல ஒரு சத்தம். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். சம்மட்டி எண்ணைப் பார்த்தாள், கருவி கெட்டுவிட்டதா என்று மாற்றிப் பார்த்தாள், மறுபடி விட்டாள், பக்கவாட்டில் விட்டாள், நனைத்து விட்டாள், குளிரூட்டி விட்டாள். அப்புறம் போய் மூன்று பேருக்கும் டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆனால் உன் தம்பி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கமாட்டேன் என்று விட்டான். பாதுகாப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே அவனுக்கு ஒவ்வாது. அங்கேதான் உன் அப்பா வந்தார். கடையில் வேலை முடிந்து வந்து தொப்பியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவர், "இது ஆமை ஓடு மாதிரி இருக்கு, இத எவன் போடுவான்? மூஞ்சிக்கு எடுப்பா இருந்தாத்தான் ஒரு பொருள மனுஷன் போடுவான். நான் தினம் பாக்கறேன், கண்ணே தெரியாதவன்கூட பிரேம் புடிக்கலன்னா வேணாம்னு போயிடறான்" என்றார். பிறகு அவனைக் கடைக்கு அழைத்துப்போய் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிற்கவைத்து, மூக்குக்கண்ணாடிக்கு அளவெடுப்பதுபோல நெற்றியையும் காதையும் தாடையையும் அளந்து, விளிம்பு எங்கே முடியணும், முன்பக்கம் எவ்வளவு நீளணும் என்று அவனையே சொல்லவைத்தார். அவன் சொன்னபடி நாங்கள் விளிம்பைக் குறைத்தோம், எந்த இடத்தில் குறைக்கக்கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். மேலே சாம்பல் நிறத் துணி போர்த்தி முன்னால் சின்ன மறைப்பு வைத்து முடித்தபோது, பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எந்தப் பையன் தலையிலும் இருக்கக்கூடிய தொப்பிதான் அது. கண்ணாடியில் வெகு நேரம் பார்த்தான். முன்னால் பார்த்தான், பக்கத்தில் பார்த்தான், அப்பாவின் கைக்கண்ணாடியை வாங்கிப் பின்னால் பார்த்தான். அப்புறம் அதைக் கழற்றாமலே தெருவில் இறங்கி நடந்தான். அப்பாவும் பின்னாலேயே போகப் போனார், நான் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். எனக்கும் போகவேண்டும்போலத்தான் இருந்தது.

பஸ்ஸில் போகிற தூரத்தில் ஒரு செடி நர்சரி இருக்கிறது, நாற்று வளர்த்து விற்கிற இடம். அதை நடத்துகிற அம்மா பெரிய குரலுக்காரி, செடிகள் அவள் சத்தத்துக்குப் பயந்தே வளர்கின்றன என்று அப்பா சொல்வார். அவளிடம் வேலை கேட்டு இவனே போனான், தனியாக. தனக்கு இன்னது இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழுவேன் என்றும் சொல்லியிருக்கிறான். "செடிய வாட விடமாட்டேல்ல? அது போதும், நாளைக்கு வா" என்றாளாம் அவள். நான் போய் அவளைப் பார்த்தேன். அவன் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் வைக்காதே, பிடித்து அமுக்காதே, பக்கத்தில் இடிக்கிற சாமானை நகர்த்து, கொஞ்ச நேரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று சொல்லிக்கொடுத்தேன். ஒருதடவை கேட்டுவிட்டு அப்படியே திருப்பிச் சொன்னாள். மண்வெட்டி, கத்தரி பக்கம் அவனை விடுவதில்லை, நாற்றுக்குத் தண்ணீர் தெளிப்பதும் பையில் மண் நிரப்புவதும் அவன் வேலை. நகத்திடுக்கில் மண்ணோடு வீட்டுக்கு வந்து, இன்றைக்கு எது முளைவிட்டது, எது சண்டித்தனம் செய்கிறது என்று சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு அறிக்கை வாசிப்பான். இதையெல்லாம் உனக்குப் போனில் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறோம். சொல்லாதது ஒன்று இருக்கிறது. மேலே போய்க் கோட்டைப் பார்த்துவிட்டு வா.

போன மாதம் ஒரு காலையில் நர்சரியிலேயே விழுந்தான். நின்றுகொண்டு தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவன், சிமெண்ட் தொட்டியின் விளிம்பில் தலை மோதி விழுந்திருக்கிறான். அந்த அம்மா போன் செய்தாள், முதல்தடவையாக அவள் குரல் மெதுவாக இருந்தது, அதுவே எனக்குப் போதும். கம்பெனியிலிருந்து எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, மேனேஜர்தான் தன் காரில் கொண்டுபோய் விட்டார் என்று பிறகு தெரிந்தது. வழியெல்லாம் அந்த முதல் தொப்பி உடைந்து கிடந்ததுதான் கண் முன்னால். உள்ளே ஓடினால், உன் தம்பி ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறான். சட்டையெல்லாம் சேறு. கண் இன்னும் முழுசாகத் தெளியவில்லை, வலிப்பு வந்து போனால் அப்படித்தானே இருப்பான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் தலைமுடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன் தங்கம், ஒரு கீறல் இல்லை, ஒரு வீக்கம் இல்லை. தொப்பியின் பக்கவாட்டில் மட்டும் துணி கிழிந்து உள்ளே ஒரு கோடு ஓடியிருந்தது. "அம்மா, தொப்பி போச்சும்மா" என்றான் என்னிடம், ஏதோ என் சாமானை உடைத்துவிட்டவன் மாதிரி. நர்சரி அம்மா தான் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னாள், ஒருக்களித்துப் படுக்கவைத்தாளாம், சுற்றிக் கூடினவர்களை விரட்டினாளாம், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். சொல்லி முடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயை மூட மறந்துபோனதைக் கவனித்து அதை மூடப் போனவள், அங்கேயே குழாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நரம்பு டாக்டர் படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தொப்பியை வாங்கிப் பார்த்தார். தலையில் ஒன்றுமில்லை, மாத்திரையில் மட்டும் கொஞ்சம் மாற்றம் செய்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நான் இனி நர்சரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆமாம், நான்தான். தொப்பியைச் செய்தவளே நான்தான், அது சொன்னபடி வேலை செய்தது என்பதும் எனக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும், இருந்தாலும் அந்தச் சிமெண்ட் விளிம்பை நான் பார்த்துவிட்டேன். உன் தம்பி மெதுவாகத்தான் கேட்டான், "நான் விழக்கூடாதுன்னாம்மா அதச் செஞ்ச, விழுந்தா எழுந்திருக்கணும்னுதானே செஞ்ச?" நான் எழுந்து போய் ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவினேன். டாக்டர் சொன்ன ஓய்வு முடிந்த மறுநாள் காலை, அவன் அறையில் ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். உடைந்த தொப்பி சோதனைக்காகக் கம்பெனிக்குப் போய்விட்டது, வேறு ஒன்று கையில் இல்லை. பரண்மேலிருந்து அந்தப் பழைய ஆஸ்பத்திரி ஹெல்மெட்டை எடுத்து, தூசியைத் தட்டி, தானே மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான். எத்தனை வருஷமாக நாங்கள் கெஞ்சியும் மாட்டாதது! "நாத்துக்கு யாராவது தண்ணி ஊத்தணும்ல" என்றான். பால்கனியிலிருந்து பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆள் அவன் தலையையே உற்றுப் பார்த்தார். உன் தம்பி அவரைப் பார்த்து வணக்கம் சொன்னான். அந்த ஆள் திகைத்துப்போய் வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு எதையோ கேட்க, இவன் எதையோ சொல்ல, பஸ் வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே நின்றார்கள். நான் அவனைத் தடுக்கவில்லை.

அந்தத் தொப்பியைக் குறுக்கே அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். விரிசல் தொட்டி விளிம்பு பட்ட இடத்தில் உள்ளே நுழைந்திருக்கிறது, நுழைந்ததும் பசையில் திரும்பி, பக்கவாட்டில் ஓடி, இரண்டாகப் பிரிந்து, அதில் ஒன்று மறுபடி மேலேயே ஏறி, ஊர் தெரியாத திருடன் சந்துக்குச் சந்து மாட்டிக்கொண்டு முழிப்பதுபோல, பாதி வழியிலேயே நின்றுபோயிருந்தது. தலைப்பக்க வரிசைகள் அப்படியே இருந்தன. சிப்பி மேடம் ஆராய்ச்சிக்காரியாக அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள், நான் அடுத்துப் பார்க்கவேண்டும், ஆனால் லென்ஸ் மங்கலாக இருக்கிறதே என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், அப்புறம்தான் மங்கல் லென்ஸில் இல்லை என்று புரிந்தது. சம்மட்டி வந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கை அவ்வளவு மிருதுவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் படத்தைப் பார்த்தபிறகு, இன்னும் சில அளவுகளில் செய்து முறைப்படி சோதனைக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருக்கிறார். நரம்பு டாக்டரும் அவரிடம் வருகிறவர்களில் சிலருக்குக் கேட்கிறார். அது நடக்க நாளாகும், நடுவில் என்னென்ன தடங்கல் வருமோ தெரியாது. இந்தத் தொப்பி வலிப்பை நிறுத்தாது, விழுவதை நிறுத்தாது, எல்லா அடியையும் தாங்கும் என்றும் நான் உனக்குச் சத்தியம் செய்யமாட்டேன். உன் தம்பிக்குப் புதுசு போன வாரம் தயாராயிற்று. இந்தத் தடவை நீலத்தில் கேட்டான்.

இப்போது உனக்குப் பதில். வேலையை விட்டு வராதே. அந்த அடுக்களையில் இடம் பிடிக்க நீ எவ்வளவு பாடுபட்டாய் என்று எனக்குத் தெரியும், உன் கையிலிருந்த தீக்காயங்களை நீ மறைத்தாலும் நான் பார்த்திருக்கிறேன். நீ தூரத்தில் இருப்பதால்தான் இங்கே ஏதோ குறைகிறது என்று உனக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதை எடுத்துப் போடு. உன்னைத் தேடுகிறோம், நான் பொய் சொல்லமாட்டேன், உன் அப்பா இன்னும் உன் தட்டை அலமாரியில் முன்வரிசையில்தான் வைக்கிறார். ஆனால் உன்னைக் காவலுக்காகத் தேடவில்லை. நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவதாகச் சொன்னதை உன் தம்பியிடம் சொன்னேன், சொல்லாமல் விடுவது சரியில்லை என்று பட்டது. நாற்றுப்பையில் மண்ணை அழுத்திக்கொண்டே யோசித்துவிட்டு, "எனக்காக வந்தா நான் அக்காவுக்கு ஒரு வேலையாயிடுவேன். எனக்கு அக்காவாவே இருக்கட்டும். லீவுல வரச் சொல்லு" என்றான். இதற்குமேல் நான் என்ன எழுத?

அதனால் லீவு போடு, வா, பத்து நாளாவது இருக்கிற மாதிரி வா. வந்து இந்த வீட்டில் சமைக்காதே, நாங்கள் செய்துபோடுகிறோம், குறை சொல்லாமல் சாப்பிடு. இருமலுக்கு மருந்து வாங்கிக்கொள். உன் கூட வேலை செய்கிறவர்களிடம் கோபத்தைக் காட்டாதே, அடுப்புச் சூட்டை அடுப்போடு விட்டுவிடு. எடுத்த காரியமெல்லாம் கைகூடி, கை காலுக்கு ஒரு குறையும் வராமல், மனசு நிறைந்து நீ நூறு வயசு இருக்கவேண்டும். அப்பாவும் இதையே சொல்கிறார், பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மறக்காமல் வண்டி வருகிற நாளையும் நேரத்தையும் எழுதிவிடு, எனக்கல்ல, உன் தம்பிக்கு. உன்னை அழைத்துவர ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன், அப்பாவும் வரமாட்டார், அவரை வீட்டில் வைத்துப் பூட்டியாவது நிறுத்துகிறேன். அவன் தனியாக வருகிறான். நடுவில் பஸ் மாறவேண்டும், அவனுக்கு வழி தெரியும், ஒருதடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டான். வண்டி கொஞ்சம் முன்னாலேயே வந்து, அவன் வரத் தாமதமானாலும் பதறி எங்களுக்குப் போன் போடாதே, அவனைத் தேடிக்கொண்டும் போகாதே. பெட்டியோடு இறங்கின இடத்திலேயே நின்றுகொண்டிரு. அவன் வந்து உன்னைக் கண்டுபிடிக்கட்டும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா